ரத்தக்கட்டு மஞ்சளாகும் நேரம்

ஆய்வு நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் அக்காவைப் பற்றி ஒன்பது வரி இருந்தது. முனைவர் பட்டம் எந்த வருஷம், எத்தனை கட்டுரை, எத்தனை பேர் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்றெல்லாம். அதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. ஆனால் படிக்கிறவர்கள், இந்த அம்மாளை ஒருத்தரும் ஒரு நாளும் கைநீட்டி அடித்ததில்லை என்றுதான் நினைப்பார்கள். அந்தப் பக்கத்தை இப்போது எடுத்துவிட்டார்கள். பத்தொன்பது வருஷம் அவளோடு ஒரே ஆய்வுக்கூடத்தில் டெக்னீஷியனாக இருந்தவள் நான், அதனால் நான் எழுதுகிறேன். எனக்குக் கோபம் சட்டென்று வரும். நடுவில் வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்காவின் அப்பா கசாப்புக்கடைக்காரர். வண்டியில் மாடு வந்து இறங்கும். வெட்டித் தோலை உரித்ததும் சில இடங்களில் கறி கறுத்து ரத்தம் கட்டியிருக்கும். அதை யாரும் வாங்க மாட்டார்கள், அறுத்துத் தூக்கி எறிய வேண்டியதுதான். மாட்டை அடித்தது விற்றவனா, வண்டிக்காரனா என்று சண்டை மூளும். அப்பா விரலால் அழுத்திப் பார்ப்பார். "இது இன்னைக்கு வாங்கின அடி இல்ல. ஓரத்துல மஞ்சளாயிடுச்சு பாரு. உன் வீட்டுலயே வாங்கிட்டு வந்திருக்கு" என்பார். ஒருநாள் இப்படிச் சொன்னதற்கு, விற்றவன் கறி மாட்டும் கொக்கியை உருவி அவர் தோளில் போட்டான். கொக்கியின் வளைவு பட்டதால் பிழைத்தார். நுனி பட்டிருந்தால் கதை வேறு. அக்காவுக்கு அப்போது எட்டு வயது. அவள் அழவில்லை. கலர் பென்சில் டப்பாவை எடுத்துவந்து அப்பாவின் தோளைப் பார்த்துப் படம் வரைந்தாள். மறுநாளும் வரைந்தாள். சிவப்பு, நீலம், ஊதா, பச்சை, மஞ்சள் என்று தோள் பழையபடி ஆகிற வரைக்கும் பதினோரு படம். அவளுடைய முதல் ஆராய்ச்சி அதுதான் என்று நான் கேலி செய்வேன். அவளும் சிரித்துக்கொண்டே, "அதுல ஒரு தப்பும் இல்லடி" என்பாள்.

வாழ்க்கை முழுக்க அவளை விடாத கேள்வி ஒன்றே ஒன்று. ஒரு ரத்தக்கட்டைப் பார்த்து, அந்த அடி எத்தனை மணிக்கு விழுந்தது என்று சொல்ல முடியுமா? போலீஸுக்கு வேண்டும், நீதிமன்றத்துக்கு வேண்டும், அடிபட்ட குழந்தையைக் கொண்டுவரும்போது டாக்டருக்கு வேண்டும். அதுவரை ஆளாளுக்குக் கண்ணால் பார்த்து ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அக்கா அதை அளக்க முடிவெடுத்தாள்.

அளக்க வேண்டுமானால் அடிக்க வேண்டும். ஒரு மீட்டர் நீளப் பிளாஸ்டிக் குழாய். கீழ்முனையைத் தொடையில் அழுத்திப் பிடித்து, மேலிருந்து அரைக்கிலோ இரும்புக் குண்டை விடுவோம். விடுவது என் வேலை. சம்மதித்துக் கையெழுத்துப் போட்டு வந்தவர்கள் ஐம்பத்து மூன்று பேர். மாணவர்கள், காவலாளிகள், அலுவலகத்துக்காரர்கள். தோள் பெருத்த ஒரு காவலாளி குண்டு விழுவதற்கு முன்னாலேயே மயங்கிவிட்டார். விழுந்தபிறகு என் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டியவர்கள் உண்டு. எனக்கு அந்தக் கட்டடத்தில் 'சம்மட்டி' என்று பெயரே வைத்துவிட்டார்கள். எல்லோருக்கும் காலை ஒன்பது மணிக்குக் குண்டு. அதிலிருந்து மாலை ஏழு வரை மணிக்கொரு தரம் தோலின் நிறத்தைக் கருவி வைத்து அளப்போம். மறுநாள் விடிந்ததும் மறுபடி. நீல அட்டைப் பதிவேட்டில் வயது, உயரம், எடை, அடி விழுந்த நேரம், காரணம் எல்லாம் என் கையெழுத்தில் ஏறும். ஐம்பத்து மூன்று பேரில் ஒருவருக்குக்கூட அன்றே மஞ்சள் வரவில்லை. எல்லாம் மறுநாள்தான்.

அக்காவின் புருஷனும் அதே கட்டடத்தில்தான் இருந்தான். புள்ளியியல்காரன், எங்கள் பிரிவுக்குத் தலைவனும் அவன்தான். எதைச் சொன்னாலும் "சராசரி என்ன?" என்று கேட்பான். காப்பி ஆறிப்போயிருக்கிறது என்றால்கூட அப்படித்தான் கேட்பான். அதனால் அவன் பெயரே 'சராசரி' ஆகிவிட்டது. மெல்லிய குரல். யாருடைய பிறந்தநாளையும் மறக்க மாட்டான். நல்ல மனுஷன் என்று நானே நாலு பேரிடம் சொல்லியிருக்கிறேன், என் வாயில் மண்ணைப் போட.

ஒரு திங்கட்கிழமை காலை. அக்கா வந்து வெள்ளைக் கோட்டை மாட்டும்போது சட்டைக் கை மேலே ஏறிக்கொண்டது. தோளுக்குக் கீழே நாலு விரல் அகலத்துக்கு நீலம். குழாய் விட்ட அடி வட்டமாக இருக்கும். இது நீளவாக்கில் இருந்தது. ஒரு முனையில் பெல்ட்டின் கொக்கி பதிந்த கட்டம் தனியாகத் தெரிந்தது.

"என்னக்கா இது?"

"படிக்கட்டுல விழுந்துட்டேன்."

"எந்தப் படிக்கட்டு?"

"நம்ம வாசல் படிக்கட்டுதான். இப்போ வரும்போது."

நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு பெருமூச்சு விட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டினாள். "சரி, விழுந்தது விழுந்தாச்சு. வீணாக்குவானேன்? அளந்துடு."

வேறு எவளாக இருந்தாலும் முழுக்கைச் சட்டையைப் போட்டு மூடிக்கொண்டு போயிருப்பாள். இவள் ஆராய்ச்சிக்காரி. உடம்பில் ஒரு ரத்தக்கட்டு இருக்கிறது, அதை அளக்காமல் விடுவதற்கு இவளுக்கு மனசு வரவில்லை. ஆனால் அளந்தால் பதிவேட்டில் ஏற்ற வேண்டும், ஏற்றினால் அடி விழுந்த நேரத்தைப் போட வேண்டும். முந்தின நாள் மாலை ஏழு மணி என்று உள்ளபடி போட்டால், அந்நேரம் அவள் வீட்டில் இருந்தாள், வீட்டில் இருந்தது இரண்டே பேர். அதனால் காலை ஒன்பது என்று போட்டோம். காரணம், படிக்கட்டில் விழுந்தது. பதினாலு மணி நேரப் பழசான காயம் அன்றைக்குப் பிறந்த காயமாகப் பதிவேட்டில் ஏறியது. மாலை ஆறரைக்கு ஓரத்தில் மஞ்சள் தெரிந்தது. நான் எண்ணை எழுதினேன்.

இரண்டு வருஷத்தில் இப்படிப் பதிவேட்டில் ஏறியது ஆறு. அவன் எழுதின கட்டுரையை ஆய்விதழ் திருப்பி அனுப்பிய நாளில் ஒன்று. அவளை மட்டும் மாநாட்டுக்குக் கூப்பிட்ட நாளில் ஒன்று. நாற்காலிக் காலால் முதுகில் ஒன்று. அதை அளக்க அவளைக் குப்புறப் படுக்க வைத்தேன், மூச்சை இழுத்தபோது விலா எலும்பு கடகடவென்றது. இந்த ஆறில் சேராமல் அலமாரிக் கதவில் தலையை மோதியது ஒன்று, அதை முடி மறைத்துக்கொண்டது, பதிவேட்டில் ஏறவில்லை. ஏறாதது இன்னும் எத்தனை என்று எனக்குத் தெரியாது. "விட்டுட்டு வாக்கா" என்று ஒருதரம் சொன்னேன். "இந்தக் கட்டுரை முடியட்டும்" என்றாள். எல்லாவற்றுக்கும் அவளிடம் அந்தப் பதில்தான் இருந்தது.

கணக்குப் போடும் நாள் வந்தது. எண்களை வாசித்துச் சொல்ல நானும் உள்ளே இருந்தேன். சராசரி கணினியில் புள்ளிகளைப் போட்டுப் பார்த்தான். ஐம்பத்து மூன்றும் ஒரு பக்கம், ஆறு மட்டும் தனியாக ஒரு பக்கம். "இது ஏன் விலகி நிக்குது?" என்று கேட்டுக்கொண்டே பதிவேட்டை இழுத்துத் தேதிகளைப் பார்த்தான். ஒரு தேதி, இரண்டு தேதி. மூன்றாவது தேதியில் அவன் விரல் நின்றது. அவனுக்குப் புரிந்துவிட்டது. என் முன்னால் அவன் முகம் சிவக்கும், எழுந்து போய்விடுவான் என்று நினைத்தேன். அவன் பேனாவை இரண்டு சுற்றுச் சுற்றினான்.

"இதுதான் செய்தி" என்றான்.

அக்காவின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "அது வேண்டாம். எடுத்துடலாம். குழாய் மட்டும் போதும்."

"எடுத்தா இதுல என்ன இருக்கு? அடிச்சா மறுநாள் மஞ்சளாகும். இதத்தான் உங்கப்பா கடையிலயே சொல்லிட்டாரே. குழாய் அடி வேற, நிஜ அடி வேற. நிஜ அடி பத்து மணி நேரத்துல மஞ்சளாகும். இது யாருமே சொல்லாதது." திரையில் புள்ளிகளை எண்ணிவிட்டுச் சொன்னான். "ஆனா ஆறு பத்தாது. ஏழு இருந்தா கணக்கு நிக்கும்."

அன்று மாலை வீட்டில் ஏழாவது நடந்தது. அந்த ஒரு தடவை அவனுக்குக் கோபமே இல்லை, குரல்கூட உயரவில்லை என்று அக்கா பிற்பாடு என்னிடம் சொன்னாள். துணி உலர்த்தும் கம்பியை எடுத்து, தொடையில் சதைப் பிடிப்பான, கருவி பதிய வசதியான இடமாகப் பார்த்து, ஒரே இடத்தில் மூன்று போட்டானாம். மறுநாள் காலை அவள் ஆய்வுக்கூடத்துக்கு நொண்டிக்கொண்டு வந்தாள். பதிவேட்டின் ஏழாவது வரியும் மற்ற ஆறைப் போலத்தான் இருக்கிறது. காலை ஒன்பது, படிக்கட்டு. அந்தக் காலையைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். இப்போது வாய் வரவில்லை.

கட்டுரை பெரிய ஆய்விதழில் வந்தது. தலையில் தூக்கி வைத்து ஆடினார்கள். முதல் வருஷம் நூறு மேற்கோள், மூன்றாம் வருஷம் நானூறு. தடயவியல் பாடப் புத்தகத்தில் ஒரு பெட்டிக்குள் போட்டார்கள். ஆயிரமாவது மேற்கோள் வந்த அன்று நிறுவனத்தில் கேக் வெட்டி, பித்தளையில் ஒரு கேடயம் செய்து கொடுத்தார்கள். கணக்கெல்லாம் அவனுடையது என்று மேடையில் அவனே வாங்கிக்கொண்டான். அடுத்த மாதம் நிறுவனத்துக்கு இயக்குநர் ஆனான். அக்காவுக்குத் தனி அறை கிடைத்தது. அவள் அந்தப் பாதையை விட்டு விலகி, தோல் செல்களைத் தட்டில் வளர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். குழாயையும் குண்டையும் நான் துணியில் சுற்றி அலமாரியில் வைத்துவிட்டேன்.

அந்த ஆயிரத்தில் ஒன்று ஒரு கொலை வழக்கு. எங்கள் யாருக்கும் அது தெரியாது.

ஒரு லாரி டிரைவர். மூன்று நாள் வெளியூர் ஓட்டிவிட்டு ஒருநாள் காலை ஆறு மணிக்கு வீடு திரும்பினான். மனைவி ஏழு மணிக்கு வேலைக்குப் போனாள். அவளுடைய முதல் கல்யாணத்துப் பிள்ளை, நாலு வயது, சுருண்டு படுத்திருந்தான். காய்ச்சல் என்று நினைத்து டிரைவர் நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்தான். மதியம் மூன்று மணிக்குப் பிள்ளை செத்துப்போனான். வயிற்றுக்குள் குடல் கிழிந்திருந்தது. முதுகில் பூட்ஸ் கால் அளவுக்கு ரத்தக்கட்டு, ஓரத்தில் மஞ்சள். பழைய டாக்டர் யாரைக் கேட்டாலும், இது நேற்று வாங்கிய உதை, அப்போது டிரைவர் ஊரிலேயே இல்லை என்று சொல்லியிருப்பார். அரசுத் தரப்பு நிபுணர் எங்கள் கட்டுரையை நீட்டினார். நிஜ அடி பத்து மணி நேரத்துக்குள் மஞ்சளாகும். ஆகவே எட்டு மணி நேரம் பிள்ளையோடு தனியாக இருந்தவன்தான் உதைத்தான். ஆயுள் தண்டனை.

பிள்ளையைக் கொன்றவன் என்றால் சிறையில் என்ன நடக்கும் என்று தெரிந்ததுதான். முதல் வாரம் முன்பற்கள் போயின. இரண்டாம் வருஷம் கரண்டிக் காம்பைத் தரையில் தேய்த்துக் கூராக்கி இடது கண்ணில் இறக்கினார்கள். ஆறு வருஷம் உள்ளே கிடந்தான்.

அவனுக்கு ஒரு தங்கச்சி. துணி ஆலையில் தையல் வேலை. பள்ளிப் படிப்போடு நின்றவள். அண்ணனை உள்ளே தள்ளியது என்ன காகிதம் என்று தேடிப் பிடித்து, அகராதியை மடியில் வைத்துக்கொண்டு பதினோரு மாதம் அந்த ஒரு கட்டுரையைப் படித்திருக்கிறாள். ஆயிரம் பேர் மேற்கோள் காட்டினார்கள். அதன் கடைசிப் பக்கத்து அட்டவணையைப் படித்தது இவள் ஒருத்திதான் என்று நான் எழுதித் தருகிறேன்.

ஒருநாள் காலை பதினோரு மணிக்கு அவள் காவலாளியைத் தள்ளிக்கொண்டு ஆய்வுக்கூடத்துக்குள் வந்தாள். கழுத்தில் அளவு நாடா அப்படியே தொங்கியது. கையில் கசங்கிய காகிதக் கட்டு.

"இத எழுதினது யாரு?"

அக்கா எழுந்தாள். "நான்தான். நீங்க?"

"நீங்க ஆயுள் தண்டனை வாங்கிக் குடுத்தீங்களே, அந்த லாரி டிரைவரோட தங்கச்சி." அட்டவணையை மேஜையில் விரித்து நகத்தால் கோடு கிழித்தாள். "இந்த ஏழு பேரு யாரு? ஏழு பேரும் பொம்பள. ஏழு பேருக்கும் ஒரே உயரம். எடை அரைக்கிலோ கூடக் குறைய. வயசு முப்பத்தொம்பது, நாப்பது. எனக்கு அளவுதாங்க தொழில். மூணு அளவு ஒத்துப்போனா அது ஒரே உடம்பு. ஏழு பேரு இல்ல, ஒரு ஆளு. ஒரு ஆளு ரெண்டு வருஷத்துல ஏழு தடவ படிக்கட்டுல விழுவாங்களா?"

அக்கா அட்டவணையைத் தன் பக்கம் திருப்பி வைத்தாள்.

"எங்க பக்கத்து வீட்டுலயும் ஒருத்தி அடிக்கடி படிக்கட்டுல விழுவா. அந்த வீட்டுல படிக்கட்டே கிடையாது."

அக்கா மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, ஆராய்ச்சிக்காரர்கள் மாட்டிக்கொண்டால் சொல்வதைச் சொன்னாள். "பாருங்க, தரவுகள் எல்லாம் முறைப்படி சரிபார்த்து..."

தையல்காரி முஷ்டியை மடக்கி முகத்தில் குத்தினாள். விரலில் தடித்த இரும்பு மோதிரம். கன்னத்து எலும்பில் மோதிய சத்தம் குண்டு விழும் சத்தத்தைவிடப் பெரிதாகக் கேட்டது. அக்கா அலமாரியில் இடித்துச் சரிந்தாள், கண்ணாடித் தட்டுகள் உடைந்து தரையெல்லாம் சிதறின. நான் பாய்ந்து அந்தப் பெண்ணின் முடியைப் பிடித்தேன், அவள் என் வயிற்றில் முழங்கையை இறக்கினாள். காவலாளிகளைக் கூப்பிட நான் வாயைத் திறந்தபோது கீழேயிருந்து அக்கா சொன்னாள்.

"சம்மட்டி, மணி என்னன்னு பாரு."

"அக்கா..."

"மணியப் பாருடி."

பதினொன்று இருபது. வாயிலிருந்து வழிந்த ரத்தத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, "எழுது" என்றாள். "அடி விழுந்த நேரம், பதினொன்னு இருபது. காரணம், கைமுஷ்டி." தையல்காரி மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள். போலீஸ் வரும் என்று எதிர்பார்த்தாள் போல. அக்கா அவளை நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னாள். "உங்க அண்ணன் கேசுல எல்லாத்தையும் சொல்லுங்க. முதல்லேருந்து" என்றாள். அவள் சொன்னாள். கண் போனதைச் சொன்னபோது அக்கா ஒரு கையால் தன் வீங்கிய கண்ணை மூடிக்கொண்டு, மறு கண்ணால் அவளைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

அன்று அக்கா தன் வீட்டுக்குப் போகவில்லை. என் வீட்டுக்கு வந்தாள், கருவியும் வந்தது. மணிக்கொரு தரம் அளந்தேன். பத்து மணி நேரம் ஆனது, கன்னம் நீலமாகவே இருந்தது. மறுநாள் காலை பத்தரைக்குத்தான் ஓரத்தில் மஞ்சள். இருபத்துமூன்று மணி பத்து நிமிஷம். நிஜ அடியும் குழாய் அடியும் ஒன்றுதான். எங்கள் இருவருக்கும் அது எப்போதும் தெரியும். ஆனாலும் எண்ணைப் பார்த்தவுடன் அக்கா கேவிக் கேவி அழுதாள். அத்தனை வருஷத்தில் அவள் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

கட்டுரையைத் திரும்பப் பெற ஆய்விதழுக்குக் கடிதம் எழுதினாள். இரண்டு பெயரில் வந்த கட்டுரை என்பதால் அவர்கள் அவனுக்கும் பிரதி அனுப்பிவிட்டார்கள். அந்த வாரம் மாதாந்திரக் கூட்டம். நீள மேஜை, பதினாலு பேர், சுவரில் கடிகாரம், தலைப்பகுதியில் இயக்குநர் சராசரி. மேஜை மேல் காகிதம் பறக்காமலிருக்க அந்தப் பித்தளைக் கேடயம். அக்கா அவனுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். குறிப்பு எடுக்க நான் சுவரோரம்.

"மேடம் கொஞ்ச நாளா ரொம்பக் களைச்சுப் போயிருக்காங்க" என்று மெல்லிய குரலில் ஆரம்பித்தான். "ஒரு பழைய கட்டுரையப் பத்திக் குழப்பத்துல ஏதோ எழுதிட்டாங்க. நம்ம நிறுவனத்தோட பேரே அதுலதான் நிக்குது. அவங்களுக்கு நாம எல்லாரும் துணையா இருக்கணும்."

அக்கா எழுந்து நின்றாள். "குழப்பம் எதுவும் இல்ல. அதுல ஏழு நேரம் பொய். நான் படிக்கட்டுல விழல. ஏழு தடவையும் அடிச்சது இவரு. ஏழாவது, கணக்கு நிக்கணும்னே அடிச்சாரு."

யாரோ இருமினார்கள். அவன் சிரித்த முகம் மாறாமல் கேடயத்தை எடுத்தான். எடுத்து வைக்கப்போகிறான் என்றுதான் நினைத்தேன். இரண்டு கையாலும் ஓங்கி அவள் தலையைப் பார்த்து இறக்கினான். அவள் கையைக் குறுக்கே கொடுத்தாள். முன்கை எலும்பு முறிந்து, கை நடுவில் புதிதாக ஒரு மூட்டு முளைத்தது போல மடங்கியது. இரண்டாவது அடி காதில். காது மடல் பிய்ந்து தொங்கியது. மூன்றாவதும் விழுந்தது. பதினாலு படித்தவர்கள். ஒருத்தரும் அசையவில்லை. ஒருவர் தன் காகிதங்களில் ரத்தம் படாமல் இழுத்துக்கொண்டார், அவரை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். மூன்று நாற்பத்திரண்டு. அதைக் கத்திச் சொல்லிக்கொண்டே ஓடி அவன் மணிக்கட்டைக் கடித்தேன். பல் எலும்பைத் தொட்டது. அவன் என்னை உதறினான், நான் விடவில்லை, கேடயம் கீழே விழும்வரை விடவில்லை. என் இரண்டு பல் ஆடிப்போயின. அந்தக் கடி மறுநாள் மூன்று நாற்பதுக்கு மஞ்சளாகியிருக்கும், அளக்கத்தான் ஆளில்லை.

போலீஸ் அவனைக் கொண்டுபோனது. இந்தத் தடவை படிக்கட்டு என்று சொல்ல முடியாது, பதினாலு பேர் பார்த்திருந்தார்கள். கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. ஆய்விதழ் பழைய அட்டவணையின் மேல் சிவப்புக் கோடு போட்டு, கீழே திருத்திய ஏழு வரிகளை அச்சிட்டது. காரணம், கணவர் அடித்தது. ஏழு முறையும் அதையே. டிரைவரின் வழக்கை மறுபடி எடுத்தார்கள். அக்கா கையில் மாவுக்கட்டோடு கூண்டில் ஏறினாள். ஒரு காதில் கேட்காது, தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றாள்.

அரசுத் தரப்பு வக்கீல் விடவில்லை. "அப்போ ஒண்ணு சொன்னீங்க, இப்போ ஒண்ணு சொல்றீங்க. எப்போ பொய் சொன்னீங்க?"

"அப்போ" என்றாள்.

"அந்தப் பொய்யால ஆயிரம் மேற்கோள் வாங்கினீங்க."

"ஆமா."

வக்கீல் உட்கார்ந்துவிட்டார். விசாரணையில், முந்தின நாள் அந்த வீட்டில் இருந்தது பிள்ளையின் தாய்மாமன் என்று தெரியவந்து, அவனைப் பிடித்தார்கள். அவன் பூட்ஸ் அளவு பொருந்தியது. டிரைவரை விடுவித்தார்கள்.

தீர்ப்பு வந்த அன்று நீதிமன்றத்தின் நீண்ட தாழ்வாரத்தில் நாங்கள் நின்றோம். தையல்காரி அண்ணனைக் கைபிடித்துக் கூட்டிவந்தாள். முப்பத்தெட்டு வயது என்றார்கள், அறுபது சொல்லலாம். இடது கண் இருந்த இடம் தைத்து மூடியிருந்தது. அக்கா கைகூப்பப் பார்த்தாள், மாவுக்கட்டால் முடியவில்லை. அவன் அவளுக்கு நேராக வந்து நின்றான். குத்தப்போகிறான் என்று நான் நடுவில் போனேன். அவன் என்னைப் பார்க்கவேயில்லை.

"ஏழு தடவ அடிச்சான்னு போட்டிருக்கு" என்றான். பல் இல்லாததால் வார்த்தை வழுக்கியது. "ஏழுல ஒரு தடவையாவது நெசமான மணியச் சொல்லணும்னு உங்களுக்குத் தோணலையாம்மா?"

அக்கா தரையைப் பார்த்தாள். என் பக்கம் அவள் கண் திரும்பவில்லை. எனக்கு அது தெரியும், ஏனென்றால் நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இல்லப்பா. தோணல."

அவன் தலையை ஆட்டினான். தங்கச்சியின் தோளைப் பிடித்துக்கொண்டு தாழ்வாரத்தில் போனான். படியிறங்கும்போது ஒற்றைக் கண்ணுக்கு ஆழம் தெரியாமல் தடுமாறினான், அவள் தாங்கிக்கொண்டாள்.

அது பொய். அக்கா கடைசியாகச் சொன்ன பொய் அது. எனக்காகச் சொன்னாள்.

ஏழாவது அடிக்கு மறுநாள் காலை அவள் நொண்டிக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். தொடையில் மூன்று கோடு ஒன்றாகச் சேர்ந்து கறுத்திருந்தது. நான் பதிவேட்டைத் திறந்தேன். அவள் சொன்னாள், "நேத்து சாயங்காலம் ஏழு மணி. கம்பியால அடிச்சாரு. அப்படியே எழுது. இதோட இந்தக் கட்டுரை ஒழியட்டும்."

என் வேலை அப்போது தற்காலிகம். நிரந்தரமாக்கும் காகிதம் சராசரியின் மேஜையில் கையெழுத்துக்காக இருந்தது. "எதுக்குக்கா வம்பு, நம்ம பிழைப்பக் கெடுத்துக்கணுமா? படிக்கட்டுன்னே போட்டுடறேன்" என்று சொல்லிவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் காலை ஒன்பது என்று எழுதினேன். அவள் கொஞ்ச நேரம் அந்த வரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு காலை நீட்டி, "சரி, அளந்துடு" என்றாள். வெள்ளிக்கிழமை என் காகிதத்தில் கையெழுத்தாயிற்று.